ஜப்பானில் வெளிநாட்டு ஆசிரியராக முதல் ஓராண்டு: வாரநாள்களையும் வார இறுதிகளையும் ஒழுங்குபடுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானின் பொதுப்பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியராக, அதாவது அங்கே எல்லோரும் 'ஏ.எல்.டி.' என்று சொல்லும் பணியில், சேரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வகுப்பறையில் எப்படிப் பாடம் நடத்துவது என்பது இதில் இல்லை. பள்ளி மணி அடித்த பிறகு தொடங்கும் வாழ்க்கையைப் பற்றியே இது பேசுகிறது.

எனக்குப் பின் வந்த புதியவர்கள் பலரைக் கவனித்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் தடுமாறியது மொழியினால் என்பதைவிட, வேலைகளைச் செய்த வரிசையினால்தான். நகர அலுவலகமும் வங்கியும் சனி, ஞாயிறுகளில் மூடியிருக்கும் நாட்டில், வாரநாளில் முடிக்க வேண்டிய ஒரு சிறு வேலையைத் தவறவிட்டால் அதற்கு அடுத்த நான்கு வேலைகளும் நின்றுவிடுகின்றன. வார இறுதி வெறும் காத்திருப்பாகக் கழிகிறது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. புறப்படும் முன்: பையில் இருக்க வேண்டியவையும் இருக்கக் கூடாதவையும்

ஒப்பந்தத்தில் முதல் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் வேலை செய்த மாதத்தின் இறுதியிலோ அதற்கு அடுத்த மாதத்திலோதான் பணம் கைக்கு வரும். அதற்குள் வாடகை முன்பணம், திரும்பி வராத 'ரெய்கின்' என்னும் நன்றிப் பணம், படுக்கை, அடுப்பு, பயணச் செலவு எல்லாம் வந்துவிடும். மூன்று லட்சம் யென் அளவுக்குக் கையில் வைத்துக்கொண்டு இறங்கியவர்கள் மட்டுமே கடன் கேட்காமல் சமாளித்தார்கள்.

மருந்துகளில் கவனம் தேவை. மருத்துவர் சீட்டின்படி வாங்கும் மருந்தை ஒரு மாத அளவுக்கு மட்டுமே முன் அனுமதியின்றிக் கொண்டுவரலாம். அதற்கு மேல் வேண்டுமானால் புறப்படும் முன்பே இறக்குமதிச் சான்று பெற வேண்டும். நம் ஊர் மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சளி, இருமல் மாத்திரைகள் சிலவற்றில் உள்ள பொருள்களுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு. பெட்டியின் மேலுள்ள உட்பொருள் பட்டியலைப் படிக்காமல் எதையும் பையில் போடாதீர்கள்.

மிக்ஸியை ஊரிலேயே விட்டுவிடுங்கள். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட்; நம் மிக்ஸியும் கிரைண்டரும் 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. மின்மாற்றி வாங்கி இணைக்கலாம் என்பார்கள். ஆனால் அந்த அளவு திறனுள்ள மின்மாற்றி மிக்ஸியைவிடக் கனமானது. அங்கேயே ஒரு சிறிய அரைப்பான் வாங்கிக்கொள்வது மேல். கைப்பேசி, மடிக்கணினி மின்னூட்டிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவற்றுக்குத் தட்டையான இரட்டை முள் இணைப்பான் மட்டும் போதும்.

குக்கர் கொண்டுபோவதானால் எவர்சில்வர் குக்கராக, அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். பல அடுக்ககங்களில் இண்டக்ஷன் அடுப்புதான் இருக்கும். அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. கறிவேப்பிலை, பழங்கள், விதைகள் போன்றவற்றைத் தாவர நோய்த்தடுப்புச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். இறைச்சி சேர்ந்த எதற்கும் இடமில்லை.

2. முதல் 14 நாள்கள்: எந்த அலுவலகத்துக்கு முதலில் போவது

வரிசை இதுதான்: முகவரி, தொலைபேசி, வங்கி, பிறகு மற்றவை. இதைத் தலைகீழாகச் செய்ய முயல்கிறவர்கள்தான் அதிகம்.

நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே 'ஸைர்யூ கார்டு' எனப்படும் குடியிருப்பு அட்டையைத் தந்துவிடுவார்கள். அதில் உங்கள் முகவரி இன்னும் குறிக்கப்பட்டிருக்காது. வீடு அமைந்த நாளிலிருந்து 14 நாள்களுக்குள் அந்த ஊரின் நகர அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அட்டையின் பின்புறத்தில் அதை அச்சிட்டுத் தருவார்கள். முகவரி இல்லாத அட்டையை வைத்துக்கொண்டு தொலைபேசி இணைப்போ வங்கிக் கணக்கோ பெற முடியாது என்பதால்தான் இது முதல் படி. இந்த அட்டையை எப்போதும் உடன் வைத்திருப்பது சட்டக் கடமை. பால் வாங்கப் போனாலும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

அதே அலுவலகத்தில், அதே வருகையில், இன்னும் இரண்டு வேலைகளை முடியுங்கள். முதலாவது, 'ஜூமின்ஹ்யோ' எனப்படும் குடியிருப்புச் சான்றின் நகல் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்; சில நூறு யென் செலவில், இன்னொரு வாரநாளை வீணாக்காமல் தப்பிக்கலாம். இரண்டாவது, மருத்துவக் காப்பீடு. உங்களை வேலைக்கு வைத்தவர்கள் நிறுவனக் காப்பீட்டில் சேர்த்திருக்கிறார்களா என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து, இல்லையென்றால் மட்டும் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். கேட்காமல் இரண்டிலும் சேர்ந்து, பிறகு ஒன்றை நீக்க இரண்டு முறை அலைந்தவர்களை எனக்குத் தெரியும். எந்தக் காப்பீடானாலும் மருத்துவமனையில் நீங்கள் கட்டுவது பொதுவாகச் செலவில் 30 விழுக்காடு.

வீட்டுக்குத் திரும்பியதும் அஞ்சல் பெட்டியின் மேல் உங்கள் பெயரை ஒட்டுங்கள். 'மை நம்பர்' எனப்படும் அடையாள எண்ணுக்கான கடிதம் சில வாரங்களில் பதிவு அஞ்சலில் வரும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் அது திரும்பிப் போகவும் கூடும்.

அடுத்தது தொலைபேசி. வங்கிக் கணக்குத் தொடங்க ஜப்பானியத் தொலைபேசி எண் கேட்பார்கள். தொலைபேசி இணைப்புக்கோ வங்கிக் கணக்கு அல்லது கடனட்டை கேட்பார்கள். கோழியா முட்டையா என்ற இந்தச் சிக்கலில் புதியவர்கள் வாரக்கணக்கில் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். மாதக் கட்டணத்தைக் கன்வீனியன்ஸ் கடையில் ரொக்கமாகக் கட்ட அனுமதிக்கும் சிம் அட்டை ஒன்றை முதலில் வாங்குவதே இதற்கு வழி. அதில் குரல் அழைப்பு எண் இருக்க வேண்டும். இணையம் மட்டும் தரும் சுற்றுலா சிம் இதற்கு உதவாது.

மூன்றாவது வங்கி. கிளைகள் பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு மூடிவிடும். பள்ளி அதற்குப் பிறகுதான் முடியும். ஆகவே பணியமர்த்தியவர் ஏற்பாடு செய்யும் பயிற்சி நாள்களிலேயே, வகுப்புகள் தொடங்கும் முன்னரே, இதை முடித்துவிடுங்கள். நாட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகாதவர்களிடம் சில கிளைகள் தயக்கம் காட்டும். உள்நாட்டு அலுவலகம் ஒன்றில் வேலை செய்பவர் என்பதைக் காட்டும் பணிச்சான்று கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

3. பெயரை ஒரே வடிவில் நிறுத்துங்கள்

தமிழர்கள் பலர் சந்திக்கும் ஒரு தொல்லை இது. மற்ற நாட்டவருக்கான வழிகாட்டிகளில் இதைக் காண்பது அரிது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பானியப் படிவம் ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். நமக்கோ தந்தையின் பெயர் முதலெழுத்தாக இருக்கும். கடவுச்சீட்டில் அது விரிந்து குடும்பப் பெயர் ஆகியிருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். குடியிருப்பு அட்டையில் கடவுச்சீட்டில் உள்ளபடியே அச்சாகும். அதை வைத்துப் பள்ளி உங்களை உங்கள் தந்தையின் பெயரால் அழைக்கத் தொடங்கும். முதல் வாரம் முழுவதும் 'ராமசாமி சென்செய்', அதாவது ராமசாமி ஆசிரியர், என்று யாரையோ அழைக்கிறார்கள் என எண்ணித் திரும்பிப் பார்க்காமல் இருந்த அனுபவம் எனக்கும் உண்டு.

அழைக்கும் பெயரை எளிதில் மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பெயரால் அழைக்க விரும்புகிறீர்கள் என்று துணைத்தலைமை ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் போதும். கடினமானது, பிறமொழிப் பெயர்களுக்குப் பயன்படும் கத்தக்கானா எழுத்தில் பெயரை எழுதுவதுதான். ஒரே தமிழ்ப் பெயரைக் கத்தக்கானாவில் நான்கு விதமாக எழுத முடியும்: நெடிலுக்குக் கோடு இடலாம், இடாமலும் விடலாம், 'ல', 'ர', 'ள', 'ழ' எல்லாம் ஒரே எழுத்துக்குள் போய் விழும்.

என் வங்கிப் புத்தகத்தில் பெயரின் நடுவே ஒரு நெடில் கோடு இருந்தது. சம்பளப் படிவத்தில் அது இல்லை. அந்த ஒரு கோட்டுக்காக முதல் சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பிப் போயிற்று. கவுண்டரில் இருந்த பெண் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, பென்சில் முனையால் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். திருத்துவதற்கு இன்னொரு வாரநாள், இன்னொரு அரைநாள் விடுப்பு தேவைப்பட்டது.

ஆகவே விமானம் ஏறும் முன்பே கத்தக்கானா வடிவம் ஒன்றை முடிவு செய்து, ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நகர அலுவலகம், தொலைபேசி, வங்கி, சம்பளப் படிவம் என எல்லா இடத்திலும் அதையே பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள். கையெழுத்துக்குப் பதிலாகப் பதிக்கும் முத்திரை செய்துகொள்வதானால் மூன்று நான்கு எழுத்துகளுக்குள் அடங்கும் சுருக்கப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். முழுப் பெயரைச் செதுக்கினால் அந்தச் சிறு வட்டத்தில் எதுவும் படிக்க முடியாது.

4. வீடு: எரிவாயுவும் குப்பையும்

மின்சாரத்தையும் தண்ணீரையும் இணையத்திலோ தொலைபேசியிலோ தொடங்கிவிடலாம். எரிவாயுவைத் தொடங்க மட்டும் ஊழியர் நேரில் வருவார்; அப்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். இதற்கு நாள் குறிக்காமல் குடியேறியவர்கள் முதல் சில நாள்கள் குளிர்ந்த நீரில் குளிக்கிறார்கள், ஏனெனில் வெந்நீரும் பெரும்பாலும் எரிவாயுவில்தான் வருகிறது.

குப்பையில் சோர்வு கூடாது. அண்டை வீட்டார் உங்களைப் பற்றி முதலில் அறிவது உங்கள் குப்பைப் பையிலிருந்துதான். முகவரி பதியும் நாளில் நகர அலுவலகம் குப்பை நாள்காட்டி ஒன்றைத் தரும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். எரியும் குப்பை வாரம் இரு முறை, பிளாஸ்டிக் ஒரு முறை, புட்டிகளும் டப்பாக்களும் வேறு நாளில் என்று ஊருக்கு ஊர் முறை மாறும். பல ஊர்களில் நகராட்சி விற்கும் குறிப்பிட்ட பைகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

இரண்டு தவறுகளை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். முதலாவது, முந்தைய இரவே பையை வெளியில் வைத்துவிடுவது. காலையில், பெரும்பாலும் 8 மணிக்குள், வைக்கச் சொல்வதற்குக் காரணம் காகங்கள். ஜப்பானியக் காகம் நம் ஊர்க் காகத்தைவிடப் பெரியது. காகங்களைத் தடுக்கவென்றே செய்த மஞ்சள் நிறப் பையைக்கூடக் கிழித்து மீன் முள்ளைத் தேடும். பையை வைத்ததும் அதன்மேல் நீல வலையை இழுத்து மூட வேண்டும், நுனி வரை.

இரண்டாவது, கழுவாத பிளாஸ்டிக். தயிர் ஒட்டிய டப்பாவைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் பையின் மேல் ஓர் ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டு, அது எடுக்கப்படாமல் அங்கேயே கிடக்கும். மற்ற பைகள் எல்லாம் போன பிறகு தன் பை மட்டும் தெருமுனையில் தனியாக நிற்பதைப் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் பார்ப்பது, எந்தப் பாடப்புத்தகமும் தராத பாடம். நாற்காலி, மெத்தை போன்ற பெரிய பொருள்களுக்கு முன்பதிவு செய்து, கட்டண ஒட்டுத்தாள் வாங்கி ஒட்டிய பிறகே வெளியில் வைக்க வேண்டும்.

5. பள்ளி நாள்: வேலைநேரத்தைவிட வேலைநேரத்தின் இரு முனைகள்

காலணிக்கு மாற்றாகப் பள்ளிக்குள் மட்டும் அணியும் 'உவாபாகி' ஒரு இணை வாங்கிக்கொள்ளுங்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தனியாக ஒன்று கேட்கும் பள்ளிகளும் உண்டு. காலடி பெரியவர்கள் ஊரிலிருந்தே கொண்டுபோவது நல்லது. பெரிய அளவுகள் சிறு ஊர்க் கடைகளில் அரிது.

காலையில் ஆசிரியர் அறைக்குள் நுழையும்போது எல்லோருக்கும் கேட்கும்படி வணக்கம் சொல்லுங்கள். மாலையில் ஒப்பந்த நேரம் முடிந்ததும் 'ஓசாகி நி ஷிட்சுரேய் ஷிமாசு', அதாவது உங்களுக்கு முன்பாகக் கிளம்புகிறேன், மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மற்ற ஆசிரியர்கள் இரவு வரை இருப்பதைக் கண்டு, குற்ற உணர்வில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் புதியவர்கள் பலர். அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சொல்லாமல் நழுவிப் போவதைத்தான் கவனிப்பார்கள்.

மதிய உணவுக்குப் பின் மாணவர்கள் பள்ளியைத் துடைக்கும் நேரம் வரும். கையில் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவர்களுடன் சேருங்கள். வகுப்பில் வாய் திறக்காத மாணவன் மாடிப்படியைத் துடைக்கும்போது பேசுவான்.

விடுப்பு, தாமதம், புயல் நாள் எதுவானாலும் கேட்க வேண்டியவர் 'க்யோதோ சென்செய்' எனப்படும் துணைத்தலைமை ஆசிரியர். புயல் எச்சரிக்கை வந்தால் மாணவர்களுக்கு விடுமுறை அறிவிக்கப்படும். அது உங்களுக்கும் விடுமுறை என்று எண்ணிவிடாதீர்கள். பல இடங்களில் ஊழியர்கள் வர வேண்டும், அல்லது விடுப்பு எழுதித் தர வேண்டும். புயல் பருவம் தொடங்குவதற்கு முன்பே இதைக் கேட்டு வையுங்கள்.

6. சாப்பாடு: பள்ளியின் தட்டும் வீட்டு அடுப்பும்

பள்ளி மதிய உணவு மலிவானது, சத்தானது; ஆனால் சைவ உணவினருக்கு ஏற்றதல்ல. காய்கறிக் குழம்பு போலத் தெரிவதிலும் 'தாஷி' என்னும் மீன்சாறு இருக்கும். 'இறைச்சி சாப்பிட மாட்டேன்' என்று மட்டும் சொன்னால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால் மீன்துருவல் தூவிய கீரை வரும். இதில் அவர்கள் பக்கம் தவறு இல்லை. அங்கே இவை வெவ்வேறு வகைகள்.

ஆகவே உண்ணாதவற்றை ஒவ்வொன்றாக, ஜப்பானிய மொழியில், ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: மாட்டிறைச்சி, பன்றி, கோழி, மீன், மீன்சாறு, பன்றிக்கொழுப்பு. எல்லாவற்றையும் தவிர்ப்பவர்கள் மாத உணவுக் கட்டணத்திலிருந்து விலகி, வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர அனுமதி கேட்பதே நேர்வழி. மாதம் தொடங்கிய பிறகு விலகினால் அந்த மாதக் கட்டணம் திரும்பாது. சமையற்கூடம் முன்கூட்டியே எண்ணிக்கை கொடுத்துவிடுகிறது.

பருப்பு, புளி, பெருங்காயம் வாங்க டோக்கியோவில் இந்தியர்கள் நிறைந்த நிஷி-கசாயும், ஹலால் கடைகள் வரிசையாக உள்ள ஷின்-ஓகுபோவும் உண்டு. மேற்கே கோபே நகரத்திலும் பழைய இந்தியக் குடியிருப்பை ஒட்டிக் கடைகள் இருக்கின்றன. சிற்றூரில் இருப்பவர்கள் இணையத்தில் வாங்கலாம். பொதி வரும் நேரத்தை இரவு 7 முதல் 9 வரை என்று குறிப்பிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் பள்ளியில் இருக்கும்போது வந்து, கதவில் சீட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

குளிர்காலத்தில் மாவு புளிக்காது. பள்ளிகளைப் போலவே வீடுகளிலும் பெரும்பாலும் நடுவண் வெப்பமூட்டல் இல்லை, இரவில் அறை உறைந்துவிடும். மேசைக்கு அடியில் சூடேற்றி, மேலே மெத்தைப் போர்வை போட்ட 'கொதாத்சு' ஒன்று வாங்கியவர்கள், மாவுப் பாத்திரத்தை அதற்குள் வைத்து, சூட்டைக் குறைந்த அளவில் விட்டு, விடியுமுன் அணைத்துப் பாருங்கள். என் வீட்டில் தை மாதத்திலும் இட்லி பூப்போல வந்தது. தாளிக்கும்போது மட்டும் புகைபோக்கி விசிறியை முன்பே போட்டுவிடுங்கள். கடுகு வெடிக்கும் வாசனை பக்கத்து வீட்டில் காயும் துணியில் போய் ஏறும்.

7. முதல் நான்கு வார இறுதிகள்

முதல் மாதத்தில் ஊர் சுற்றக் கிளம்பாதீர்கள். இது பலருக்குக் கசப்பான அறிவுரை. ஆனாலும் நான்கு சனிக்கிழமைகளை வீட்டுக்காகச் செலவிட்டவர்களுக்குப் பிறகு வந்த வார இறுதிகள் எல்லாம் முழுமையாகக் கிடைத்தன.

முதல் வார இறுதியில் வீட்டுக்குத் தேவையானவற்றை வாங்குங்கள். ஊரை விட்டுப் போகும் ஆசிரியரின் பொருள்கள் பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே காத்திருக்கும். பெட்டிகளைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போனால் இரண்டாவது சோறு குக்கர் வந்து சேரும்.

இரண்டாவது வார இறுதியில், நடந்தோ மிதிவண்டியிலோ பள்ளி வரைக்கும் போய்வந்து, வழியிலுள்ள மருத்துவமனை, அஞ்சலகம், பேரிடர்ப் புகலிடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறு மருத்துவமனைகள் பல சனிக்கிழமை காலையில் திறந்திருந்து நண்பகலில் மூடும். வாரநடுவில் ஒரு பிற்பகல் விடுமுறை இருக்கும். காய்ச்சல் வந்த பிறகு இதைத் தேடுவது கடினம்.

மிதிவண்டி வாங்கும்போதே திருட்டுத் தடுப்புப் பதிவைச் செய்துகொள்ளுங்கள். பழைய வண்டியை இன்னொரு ஆசிரியரிடம் வாங்கினால் கைமாற்றுச் சான்று எழுதி வாங்குங்கள். காவலர் நிறுத்திக் கேட்கும்போது பதிவு வேறொருவர் பெயரில் இருந்தால் நீண்ட மாலையாகிவிடும். குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவது தடை செய்யப்பட்டது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவதற்கான தண்டனை 2024 நவம்பர் முதல் கடுமையாக்கப்பட்டிருக்கிறது. மழைக்கோட்டு வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது வார இறுதியில் 'கோமின்கான்' எனப்படும் சமூகக் கூடத்துக்குப் போய் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய மொழி வகுப்புகள், மேளம், மலையேற்றம், மேசைப்பந்து என எல்லாம் அங்கேதான் தொடங்கும். மொழி வகுப்புக்குக் கட்டணம் மிகக் குறைவு, சில இடங்களில் இல்லவே இல்லை. தனிமை பற்றிப் புதியவர்கள் சொல்லும் குறைகளில் பாதி, இந்தக் கூடத்துக்கு ஒருமுறை போயிருந்தால் எழுந்தே இருக்காது. நான்காவது வார இறுதியில் ஓய்வெடுங்கள்.

8. பயணம்: அட்டை திறக்காத வாசல்கள்

சூய்கா, இகோகா போன்ற, ரயில் கட்டணத்துக்கான தொடு அட்டைகள் நாட்டின் பெரும்பகுதியில் செல்லும் என்பது உண்மை. ஆனால் ஒரு பகுதியில் நுழைந்து இன்னொரு பகுதியில் வெளியேற அவை பொதுவாக உதவாது. டோக்கியோவில் சூய்காவைத் தொட்டு உள்ளே போய், பகுதி எல்லையான அதாமியைக் கடந்து நுமாசுவில் இறங்கினால் வாசல் திறக்காது. ஊழியரிடம் ரொக்கம் கட்டி, அட்டையில் நிற்கும் நுழைவுப் பதிவைப் பிறகு நீக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். எல்லை தாண்டும் பயணத்துக்குக் காகிதச் சீட்டு வாங்குங்கள்.

ஊரில் நண்பர்கள் புகழ்ந்து சொல்லும் ஜப்பான் ரயில் பாஸ் உங்களுக்கு இல்லை. அது குறுகியகாலப் பார்வையாளராக நுழைந்தவர்களுக்கானது. குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர் வாங்க முடியாது. பெற்றோர் பார்க்க வரும்போது அவர்கள் வாங்கலாம், அதுவும் கணக்குப் பார்த்து: 2023 அக்டோபரில் ஏழு நாள் சாதாரண பாஸின் விலை 50,000 யென்னாக உயர்ந்தது.

உங்களுக்கு ஏற்றது 'செய்ஷுன் 18' சீட்டு. பெயரில் 18 இருந்தாலும் வயது வரம்பு இல்லை. வசந்தம், கோடை, குளிர்காலப் பள்ளி விடுமுறைகளை ஒட்டி விற்பார்கள். சாதாரண வண்டிகளிலும் கூடுதல் கட்டணம் இல்லாத விரைவு வண்டிகளிலும் மட்டும் ஏறலாம், ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் ஏற முடியாது. 2024 குளிர்காலம் முதல் விதி மாறியிருக்கிறது. முன்பு ஐந்து நாள்களை விருப்பம்போல் பிரித்தோ நண்பர்களுடன் பகிர்ந்தோ பயன்படுத்தலாம். இப்போது ஒருவர் தொடர்ச்சியாக மூன்று நாள்களுக்கு 10,000 யென்னிலோ ஐந்து நாள்களுக்கு 12,050 யென்னிலோதான் பயன்படுத்த முடியும். பழைய குறிப்புகளைப் படித்துத் திட்டமிட்டவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

9. விடுமுறைகளைப் பிடிப்பது

ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான 'கோல்டன் வீக்', ஆகஸ்ட் நடுவில் வரும் முன்னோர் விழாவான ஓபோன், புத்தாண்டு ஆகிய மூன்றிலும் நாடே நகரும். இருக்கைகளுக்கான முன்பதிவு பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்குத் திறக்கும். அதைத் தவறவிட்டால் அந்த நாள்களில் பக்கத்து ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவற்றைவிட நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு. விளையாட்டு விழாவும் கலை விழாவும் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கும். அதற்கு ஈடாகத் திங்கட்கிழமை விடுமுறை தருவார்கள். அன்று கூட்டமில்லை, விடுதியும் மலிவு. எனினும் அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமைகளில்தான் மூடியிருக்கும்; ஆகவே அன்றைக்கு மலையோ கடலோ தேர்ந்தெடுங்கள். முடிக்காத நகர அலுவலக வேலை இருந்தால் அதற்கும் அந்தத் திங்களே நாள்.

கோடை விடுமுறை மாணவர்களுக்குத்தான். ஆசிரியர் அறை ஆகஸ்டிலும் இயங்கும். வராத நாளுக்கு 'நென்க்யூ' எனப்படும் ஊதிய விடுப்பு எழுத வேண்டும். சட்டப்படி ஆறு மாதம் பணியாற்றிய பிறகு பத்து நாள்கள் கிடைக்கும். சில ஒப்பந்தங்களில் முதல் நாளிலிருந்தே உண்டு. பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் நிறுவனங்கள் வழியாக வருபவர்கள், வகுப்பில்லாத மாதங்களில் சம்பளம் குறைக்கப்படுமா என்பதைக் கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டும்.

10. வார இறுதியில் வாங்கக் கூடாத பணம், ஜூனில் வரும் வரி

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து என் மகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர முடியுமா என்று யாராவது கேட்பார்கள். உறையில் பணமும் தருவார்கள். உங்கள் விசா அனுமதிக்கும் வேலைக்கு வெளியே பணம் வாங்கிச் செய்யும் எதற்கும் குடிவரவு அலுவலகத்தின் தனி அனுமதி தேவை. ஒப்பந்தத்திலும் தடை இருக்கலாம். அனுமதி வரும் வரை தேநீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குடியிருப்பு வரி முந்தைய ஆண்டின் வருமானத்தை வைத்துக் கணக்கிடப்பட்டு ஜூன் மாதத்திலிருந்து வசூலாகும். அதனால் நீங்கள் வந்து சேர்ந்த ஆண்டில் அது வராது. அதை நம்பி எல்லாப் பணத்தையும் பயணங்களில் செலவழித்தவர்களுக்கு அடுத்த ஜூனில் அதிர்ச்சி காத்திருக்கிறது. வரிக்குரிய வருமானத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு மாதந்தோறும் ஒதுக்குங்கள்.

11. ஊருக்குப் போய்வரும்போது

ஓராண்டுக்குள் திரும்புவதானால் தனி மறுநுழைவு அனுமதி வேண்டாம். ஆனால் விமான நிலையத்தில் தரும் புறப்பாட்டுச் சீட்டில், திரும்பி வருவேன் என்று குறிக்கும் கட்டத்தில் குறியிட வேண்டும். குறியிடாமல் போனால் குடியிருப்புத் தகுதியே முடிந்துபோகும். வரிசையில் பின்னால் நிற்பவர் அவசரப்படுத்தினாலும் அந்தக் கட்டத்தை இரண்டு முறை பாருங்கள்.

ஆசிரியர் அறைக்கு 'ஓமியாகே', அதாவது போன ஊரிலிருந்து கொண்டுவரும் சிறு தின்பண்டப் பரிசு, வாங்காமல் திரும்பாதீர்கள். நீங்கள் இல்லாத நாள்களில் உங்கள் வகுப்புகளைச் சுமந்தவர்கள் அவர்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக உறையிடப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் அவர்கள் இல்லாத நேரத்தில் மேசைமேல் வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். மைசூர்பாகு இதற்கு உதவாது. உறையிட்ட கடலைமிட்டாய் சரியாக இருக்கும். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கலாம் என்பதால் பெட்டியின் மேல் 'பீனாட்சு' என்று கத்தக்கானாவில் பெரிதாக எழுதி வையுங்கள். மேசைகளை எண்ணும்போது மருத்துவ அறை ஆசிரியரையும், அலுவலக எழுத்தரையும், தோட்டத்தையும் பழுதுகளையும் பார்த்துக்கொள்ளும் பணியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; அவர்களின் மேசைகள் பெரும்பாலும் ஆசிரியர் அறைக்கு வெளியே இருக்கின்றன.